சுவரில் குனிந்த மனிதன்

தமித் அப்பாவின் உடலைப் பாயில் சுருட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பல்லக்கு வந்து இறங்கியது. காலையில் வாய்க்காலில் வண்டல் வாரிக்கொண்டிருந்த அப்பா ஹெனி, அப்படியே முகம் குப்புற விழுந்து போய்ச்சேர்ந்திருந்தார். காலமெல்லாம் அவரை வேலை வாங்கிய பண்ணைக்காரர் அன்தெஃபுக்கு இன்றைக்குத்தான் இந்தக் குடிசைக்கு வழி தெரிந்தது.

"உங்கப்பன் நல்ல உழைப்பாளிம்மா," என்றார், மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு. "மேற்கு மலையில எனக்குக் கல்லறை குடையிறாங்க இல்ல? சுவர்ல வயல் வரைஞ்சிருக்காங்க. மண்வெட்டியோட ஒரு ஆள் குனிஞ்சு நிக்கிறான். அவன் தலைக்கு மேல ஹெனின்னு எழுதச் சொல்லிட்டேன்."

சித்தப்பா இபு தரையில் விழுந்து கும்பிட்டார். பின்னே? ஏழைக்கு ஏது கல்லறை, ஏது எழுத்து? பேர் இருக்கும்வரைதான் செத்தவனுக்கு அந்தப் பக்கத்தில் வாழ்வு. பேர் அழிந்தால் செத்தவர்களின் சாமி ஒசிரிஸே தேடினாலும் ஆள் கிடைக்கமாட்டான். சுவரில் எப்படி வரைந்திருக்கிறதோ அப்படித்தான் அந்த வாழ்வும்.

தமித் பாயை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"அங்கயும் குனிஞ்சுதானா, ஐயா?"

"என்னது?"

"உட்கார்ந்து சாப்பிடுற மாதிரி வரையச் சொல்லுங்க. அப்புறம் பேரை எழுதுங்க."

அன்தெஃப் சிரித்துவிட்டார். "என் கல்லறையில நான் உட்காருவேன். உங்கப்பன் உட்காருவானா?"

"அப்ப அந்தப் பேர் வேணாம்."

"ஏய், வாயை மூடுடி!" இபு அவள் கையைப் பிடித்து இழுத்தார். "பேர் இல்லாம அண்ணன் காத்தோட கரைஞ்சு போயிடும்டி!"

"செத்தும் இவருக்கே மண்ணு வெட்டணுமா சித்தப்பா? அதுவும் முடிவே இல்லாம? பேர்தான வேணும்? எனக்கு வாய் இருக்கு. தினம் நான் கூப்பிடுறேன்."

"நீ செத்த பிறகு?" என்றார் அன்தெஃப் மெதுவாக.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையைத் தாழ்த்தவில்லை.

"அது எங்க பாடு."

பல்லக்கு போய்விட்டது.

மாலையில் மணல்மேட்டில் குழி வெட்டி அப்பாவை இறக்கினார்கள். வழக்கப்படி இபு மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்தார். தமித் அதை எடுத்து வெளியே எறிந்தாள்.

"செத்தவங்க போற நாணல் வயல்ல சாமி வேலைக்குக் கூப்பிட்டா அண்ணன் என்னடி பண்ணும்?"

"வரமாட்டேன்னு சொல்லட்டும். இங்கதான் யாருகிட்டயும் சொன்னதில்ல, சாமிகிட்டயாவது சொல்லட்டும்."

குழிக்குள் இறங்கிப் பாயை விலக்கினாள். அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. பைத்தியக்காரி என்று திட்டிக்கொண்டே நின்ற இபு, கடைசியில் தானும் இறங்கினார்.

"அந்தத் தோளைப் பிடி. இன்னும் நிமித்து," என்றார்.

முதுகைக் குழிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். எதிரே பார்லி ரொட்டி, வெங்காயம், ஒரு சட்டி பீர்.

மேலே ஏறி மலையைப் பார்த்து, "ஹெனி!" என்று கத்தினாள். அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. முதல் தடவை குரல் உடைந்தது. மறுபடி கத்தினாள்.

இபு மண்ணைத் தள்ளக் கூடையை எடுத்தார்.

"இருங்க சித்தப்பா."

பீர்ச்சட்டி கொஞ்சம் தள்ளி இருந்தது. அவள் மறுபடி குழிக்குள் இறங்கி, அதை அப்பாவின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள்.