கமலா பூட்டிய கிளட்ச்

அண்ணனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான் தெய்வசிகாமணி. கமலா அண்ணி பக்கத்தில் வந்து குனிந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குரலில் மட்டும் நடுக்கமில்லை.

"தம்பி, வெள்ளிமலைக்குப் போய்ட்டுத் திரும்ப எத்தினி நேரம் ஆவும்?"

"பஸ்ஸே ஓடலியே அண்ணி."

"பஸ்ஸுல கேக்கல. கார்ல."

அவன் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தான். வெள்ளிமலை பஸ்ஸைப் பதினைந்து வருஷமாக ஓட்டுகிறவன். மலையின் ஒவ்வொரு வளைவும் அவனுக்குக் கைரேகை மாதிரி. ஆனால் அது எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி முதல் வாரம். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கி நாலு நாளாகிவிட்டது. உளுந்தூர்பேட்டை வரைக்கும் வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கடைகள் திறக்கவில்லை. பிணத்துக்கு வைக்க ஒரு பாளம் ஐஸ் கிடைக்காது.

அண்ணன் ராஜாங்கம் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஐம்பத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சியில் கார் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அந்த மெக்கானிக்கின் கைராசி தெரியும். ஒரே மகள் கண்ணகி வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு வாரத்துக்கு முன் பாறையில் வழுக்கி விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு அங்கேயே கிடந்தாள். மறியல் முடிந்ததும் கீழே கூட்டி வருவதாக இருந்தார்கள். அப்பா போனது அவளுக்கு இன்னும் தெரியாது.

"மடக்க முடியாத கால வெச்சிக்கினு பைக்ல வர முடியாது," என்றாள் கமலா. "ஜீப்புக்காரன் எவனும் வண்டி எடுக்க மாட்டான். அந்தச் சின்ன கார்ல கால நீட்டிக்கினு வரலாம்."

சின்ன கார் என்று அவள் சொன்னது வீட்டை ஒட்டிய பட்டறையில் நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சீமையில் செய்தது. புதுச்சேரியிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பிய சுபாஷ் என்பவர், மறியலுக்குப் பயந்து ஏரிக்கரையிலும் வரப்பிலும் அதை உருட்டிக்கொண்டு வந்ததில், ஏற்கெனவே தேய்ந்திருந்த கிளட்ச் கருகி, ஊருக்குள் வந்து நின்றுவிட்டது. முந்தின நாள்தான் கியர்பாக்ஸைக் கழற்றியிருந்தார்கள். அது ஒரு சாக்கின் மேல் கிடந்தது.

"அதுக்கு கிளட்ச் இல்லியே அண்ணி. யாரு பூட்டுவா?"

 கமலா ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்துப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு பட்டறைக்குள் போனாள்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருகணம் நிறுத்தினார்கள். பெரியப்பா ஆதிமூலம் வாசலிலிருந்து எழுந்து வந்தார். "இன்னாம்மா இது? புருஷன் பொணமா கெடக்கறான். நீ எங்க போற?"

"அவரு எங்கியும் போவ மாட்டாரு மாமா. எம்பொண்ணு வர்றவரைக்கும் இருப்பாரு. நான் அங்க ஒக்காந்து அழுதா அவ வந்துடுவாளா?"

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும்."

"அதுக்குத்தான் போறேன்."

கிழவர் வழிவிட்டு ஒதுங்கினார்.

தெய்வசிகாமணி பின்னாலேயே போனான். சாவுச் சேதி கேட்டு சுபாஷ், லாட்ஜிலிருந்து செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். காரைப் பார்த்தார், கமலாவைப் பார்த்தார். "அம்மா, வண்டிக்கு அவசரமே இல்லீங்க. தயவுசெஞ்சு நீங்க போய்..."

"உங்களுக்கு அவசரமில்ல சார். எனக்கு வேணும். என் பொண்ணக் கூட்டியார இத இன்னிக்கி ஒரு நாளு குடுப்பீங்களா?"

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தெய்வசிகாமணியின் கையில் வைத்துவிட்டார்.

கமலா கழற்றிப் போட்ட பழைய கிளட்ச் பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பினாள். லைனிங் முழுக்கத் தேய்ந்து, ஆணித்தலைகள் பளபளத்தன. எஞ்சின் பக்கத்துச் சக்கரத்தில் அந்த ஆணிகள் உரசிய இடத்தை விரலால் தடவிப் பார்த்து, மணல்தாள் போட்டுத் தேய்த்தாள். பரணிலிருந்து ஹெரால்டு காரின் புது பிளேட் ஒன்று இறங்கியது. "இதும் ஹெரால்டும் பங்காளிங்க. ஒண்ணோடது ஒண்ணுக்குச் சேரும்," என்றாள். எண்ணெய்க் கை படாமல் பிளேட்டின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தாள். பெரிய ஸ்பானர், சின்ன ஸ்பானர் என்று தேடவில்லை. கை நீட்டினாள், வந்தது.

 பிளேட்டை நடுவாக நிறுத்தப் பழைய ஷாஃப்ட் ஒன்றைச் செருகியவள் கண்களை மூடிக்கொண்டாள். விரல் நுனியால் சுற்றிலும் தடவினாள். தலையை லேசாகச் சாய்த்து, ஷாஃப்டை ஒரு இழை நகர்த்தினாள்.

"எதுக்கு அண்ணி கண்ண மூடற?"

"உங்கண்ணன் இப்பிடித்தான் பாப்பாரு." ஆறு போல்ட்டையும் எதிரெதிராக இறுக்கிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு வருஷமா அவருக்குப் பார்வை சரியா இல்ல. சர்க்கரை. கிட்டத்துல இருக்கறதெல்லாம் பொக மாதிரி தெரியும்பாரு. விரல்தான் கண்ணு. அவரு தொட்டுச் சொல்லுவாரு, நான் பூட்டுவேன். அப்பறம் அவரு சொல்றதே கம்மியாயிடுச்சி."

பட்டறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு அண்ணன் ஏன் வேலை பார்த்தார் என்று அப்போதுதான் விளங்கியது. வெயிலுக்கு என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"எங்கிட்டக்கூட சொல்லலியே."

"சொன்னா நீ பஸ்ஸ வுட்டுட்டு இங்க வந்து ஒக்காந்துக்குவியாம். அவன் மல ஏறட்டும், சொல்லாதன்னாரு."

அவன் திரும்பி நின்று துண்டால் முகத்தை அழுத்தினான். அவள் அவனை அழவிடவில்லை. "வா, தூக்கு. சார், நீங்க அந்தப் பக்கம்."

அந்த வண்டிக்குக் கியர்பாக்ஸை அடியிலிருந்து ஏற்ற வேண்டாம். சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளேயிருந்தே வைத்துவிடலாம். இரண்டு ஆண்களும் கைநரம்பு புடைக்கத் தாங்கிப் பிடித்தார்கள். கமலா காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "ஒரு நூல் மேல... ஒரு நூல்தான். சாயாத. இப்ப தள்ளு," என்றாள். ஒரு முறை முட்டியது. இரண்டாம் முறையும் முட்டியது. சுபாஷ் பலம் கொண்டமட்டும் நெட்டித் தள்ளப் பார்த்தார். "அவசரப்படாதீங்க சார், அதுவா போவும்." மூன்றாம் முறை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. சுபாஷ் சிரித்துவிட்டார். உடனே சாவு வீடு நினைவுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

சீட்டுகளைத் திரும்ப மாட்டிய பின், கடைசியாகக் கிளட்ச் எண்ணெய்க் குழாயில் அடைபட்ட காற்றை வெளியே எடுக்கும் வேலை. தெய்வசிகாமணி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து கிளட்சை மிதித்தான். "மிதி. புடி. வுடு." அடியிலிருந்து வந்த அவள் குரலும் கூடத்திலிருந்து வந்த ஒப்பாரியும் மாறி மாறிக் காதில் விழுந்தன. பத்துப் பதினைந்து மிதிக்குப் பிறகு பெடல் கெட்டிப்பட்டது.

வண்டி கிளம்பும்போது மணி பதினொன்று. அவள் காக்கிச் சட்டையைக் கழற்றினாள். அண்ணனின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுத சத்தம் கேட்டது. தெரு முனை திரும்பும்வரை கேட்டது.

பஸ்ஸின் உயரத்திலிருந்தே சாலையைப் பார்த்துப் பழகியவனுக்கு, தரையில் உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது. ஆனால் கிளட்ச்! காலை எடுக்க எடுக்க, ஒரு உதறல் இல்லாமல், குழந்தையைக் கைமாற்றுவது மாதிரி வண்டி நகர்ந்தது. இத்தனை வருஷத்தில் இப்படியொரு கிளட்சை அவன் மிதித்ததில்லை.

முதல் மரத்தை ஏரிக்கரையால் சுற்றிப் போனான். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் இரண்டாவது மரம். இரண்டு பக்கமும் சேற்று வயல். சாலை நடுவே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிவப்புக் காரைப் பார்த்ததும் கூச்சலோடு எழுந்தார்கள். ஒருவன் கல்லைக்கூட எடுத்துவிட்டான். தெய்வசிகாமணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"மெக்கானிக் ராஜாங்கம் தவறிட்டாரு. அவரு தம்பி நான். பொண்ணு மலைல கால் ஒடிஞ்சி கெடக்குது. மொகம் பாக்கணும்."

முன்னால் நின்ற கரும்பு விவசாயி பிச்சைமுத்து தலைப்பாகையை அவிழ்த்தார். "ராஜாங்கமா? போன மாசம்தானே என் டிராக்டருக்கு கிளட்ச் போட்டாரு. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு எத்தினி லோடு இழுத்துச்சி தெரியுமா? இன்னா கை அது! அந்தக் கை இனிமே யாருக்கு வரும்?"

"அந்தக் கை எங்கியும் போவல," என்றான் தெய்வசிகாமணி. துக்கத்தில் சொல்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மரத்தை நகர்த்த யானை வேண்டும். பிச்சைமுத்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மரத்த எடுக்க முடியாது. வண்டியத் தூக்கலாம். வாங்கடா." இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர். கிளைகளைக் கழித்திருந்த நுனிப்பக்கமாகத் தூக்கி, தோள் வைத்து, அடிப்பக்கம் மரத்தில் உரசிவிடாமல் மறுபக்கம் இறக்கினார்கள். கல்லெடுத்தவனும் ஒரு மூலையைத் தாங்கியிருந்தான். "திரும்பி எப்ப வருவ?" "மூணு மணிக்கு." "ஒருத்தனும் நகர மாட்டோம். வா."

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறியபோது வண்டி எங்கேயும் திணறவில்லை.

பள்ளிக்கூடக் குடியிருப்பின் வாசலில், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கண்ணகி காரைப் பார்த்ததும் கைதட்டிச் சிரித்தாள். "சித்தப்பா! இன்னா இது, சினிமால வர்ற மாதிரி..." அவன் பக்கத்தில் வந்தான். அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்பாவா?"

அவன் தலையாட்டினான்.

கூட வேலை செய்யும் டீச்சர்கள் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். மாவுக்கட்டுக் கால் முன்பக்கக் குழிவில் நேராக நீண்டு, அளவெடுத்துச் செய்தது போல அடங்கியது. வண்டி நாலைந்து வளைவுகள் இறங்கியது. காற்றில் கண்ணீர் காதோரமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு உதறலும் இல்லாமல் கியர் விழுவதை அவள் கவனித்தாள். "கிளட்ச் அம்மா போட்டதா?"

"உனக்கும் தெரியுமா?"

"லீவுக்கு வந்தப்ப பாத்தேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு ரெண்டு பேரும் சேந்து சத்தியம் வாங்கிக்கினாங்க." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா எதுனா சாப்ட்டாளா?"

அவனுக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மரத்தருகே பதினாறு பேரும் நின்றிருந்தார்கள். இந்தத் தடவை அவளை உட்கார வைத்தபடியே தூக்கினார்கள். யாரும் கோஷம் போடவில்லை. இறக்கியதும் பிச்சைமுத்து, "அம்மாவ நல்லா பாத்துக்க தாயி," என்றார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. கண்ணகியைத் தூக்கிப்போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவள் குனிந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கமலா மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். ஆதிமூலம் பெரியப்பா ஒரு டம்ளர் டீயைக் கமலா முன்னால் கொண்டுவந்து வைத்தார்.  அவள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

வழியெல்லாம் மறித்திருந்ததால் பங்காளிகள் பாதிப்பேர் வரவில்லை. பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. சுபாஷ் தானாக வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மகன் இல்லாத அண்ணனுக்குக் கொள்ளிச்சட்டி ஏந்தித் தெய்வசிகாமணி முன்னே நடந்தான்.

தெரு முனையில் பாடையை இறக்கித் திசை மாற்றினார்கள். பெண்கள் அங்கே நின்று, கும்பிட்டு, திரும்பினார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. சட்டிப் புகைக்கு ஒதுங்கிய தெய்வசிகாமணி தெருவைப் பார்த்தான். மற்றவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கமலா மட்டும் திறந்து கிடந்த காரருகே நின்றுவிட்டாள். பின்னால் மடிந்திருந்த கித்தான் கூரையை இழுத்து விரித்து, ஓரத்துப் பித்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒன்று மாட்டவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து, மழையில் நனைந்தபடி, அது மாட்டும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள்.