ராஸ் ஆடுவது எப்படி

1

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் அறிவுலகில் நெடுங்காலமாக வாய்பிளந்து கிடந்த ஒரு பள்ளம் இன்று நிரந்தரமாக மூடப்படுகிறது. ஸ்டட் போக்கரின் ஒரு வகையான ‘ராஸ்’ என்ற சீட்டாட்டத்தை ஆடுவது எப்படி என்பதை, மனித குலத்தின் மேம்பாட்டை முன்னிட்டு, விளக்கவிருக்கிறேன். கைதட்டலை முடிவில் வைத்துக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான். ஒரு பத்திரிகையில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறேன். “சீட்டாட்டம் பத்தி ஜாலியா ஒண்ணு குடுங்க சார்” என்றார் ஆசிரியர். எனக்கு ஆடத் தெரிந்தது இது ஒன்றுதான். மொத்தம் பத்து நாள் ஆடியிருக்கிறேன். பத்தாம் நாள் என் மச்சானுக்கு வேலை போயிற்று. ஜாலியாக எழுத முயல்கிறேன்.

(மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். முதல் வரைவில் ‘சக ஊழியர் ஒருவர்’ என்று போட்டிருந்தேன். காரணம் ஆறாம் பகுதியில்.)

2

விதிகள். ஆளுக்கு ஏழு சீட்டு. முதலில் இரண்டு கவிழ்த்து, ஒன்று திறந்து. பிறகு மூன்று, ஒவ்வொன்றாக, திறந்து. ஏழாவது மறுபடி கவிழ்த்து. ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் கட்டலாம். கடைசியில் ஏழில் ஐந்தைப் பொறுக்கிக் காட்ட வேண்டும்.

சாதாரண ஸ்டட்டில் ஜோடி சேர்ந்தால் நல்லது. ஐந்து எண்கள் வரிசையாக வந்தால் இன்னும் நல்லது. ராஸில் சின்ன சீட்டுகள் வைத்திருப்பவர்தான் வெல்வார். ஏஸ் என்றால் ஒன்று, எல்லாவற்றிலும் சின்னது. ராஜா வந்தால் துக்கம், ஜோடி சேர்ந்தால் நாசம். ஆயுள் முழுக்க உருப்படாத சீட்டே வாங்கிக்கொண்டிருக்கும் ஜனங்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எல்லாம் தலைகீழ். அவ்வளவுதான் விதி.*

(* இந்த வரிக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு. இங்கே இடமில்லை. ஐந்தாம் பகுதியில்.)

3

தொடக்கங்கள்:

‘தண்ணீர் மீட்டர்களின் முட்கள் காலத்தைப் போலச் சுழன்று...’ வேண்டாம். காலம் உள்ளே வந்தால் கதை வெளியே போய்விடும்.

‘அந்த அறையில் இரண்டு மனிதர்கள், இரண்டு தனிமைகள்...’ பொய். நாங்கள் ஓயாமல் பேசினோம்.

சும்மா சொல்லிவிடுகிறேன். பத்திரிகை எழுத்து போக, பகலில் நானும் மச்சானும் ஒரு மீட்டர் கம்பெனியில் ஒரே அறையில் வேலை பார்த்தோம். புதுத் தண்ணீர் மீட்டர்களைப் பத்துப் பத்தாக மேசையில் மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, முள் சரியாக ஓடுகிறதா என்று நான் பார்ப்பேன். ஓடினால் மச்சான் கம்பி கோத்து, ஈய வில்லையைக் குறடால் நசுக்கி முத்திரை வைப்பார். இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவரே அவர்தான், மேலாளரின் அறைக்கு வெளியே மூன்று நாள் நின்று.

அதே மேலாளர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொல்லி நல்ல சேதி கேட்டவர் கிடையாது.

“நிர்வாகம் இதை ரொம்ப மனிதாபிமானத்தோட அணுகுது. இனிமே அந்த ரூமுக்கு ஒருத்தர் போதும். யாருன்னு நாங்க சொன்னா நல்லாருக்காது. நீங்க ஒரே குடும்பம். பேசி முடிவு பண்ணிக்குங்க. ரெண்டு வாரம் டைம்.”

“ரொம்ப நன்றிங்க” என்றார் மச்சான். மண்டையில் ஒன்றும் ஓடாதபோது வாயில் வருவது நன்றி மட்டும்தான்.

வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார். “நீ போன்னு சொன்னா தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்? நான் போறேன்னா என் வீட்டுக்காரி என்னை உசிரோட விடுவாளா?”

“பூவா தலையா போட்டுப் பாக்கலாமா மச்சான்?”

“ஏன்டா, இருபத்தாறு வருஷ சர்வீஸ். அரை நொடியில முடிச்சிடலாங்கறியா?”

“அப்ப சீட்டு?”

அவர் முகம் மலர்ந்தது. இளவயதில் ஸ்டட்டில் புலி.

“ஸ்டட்டுன்னா நீங்க ஜெயிச்சிடுவீங்க. ராஸ் ஆடுவோம். ரெண்டு பேருக்குமே புதுசு.” ஒரு பழைய கையேட்டில் படித்திருந்ததைச் சொல்லிக்கொடுத்தேன்.

“அப்ப எல்லாமே தலைகீழ். அவ்வளவுதானே மாப்ள?”

“அவ்வளவுதான் மச்சான்.”

4

மதியச் சாப்பாட்டு வேளையில், மேசையின் ஈரமில்லாத மூலையில் ஆட்டம். பந்தயத்துக்கு ஈய வில்லைகள். வில்லை தீர்ந்தவர் வேலையை விட வேண்டும்.

[இரண்டாம் வரைவில் இந்த இடத்தில் மச்சானின் மனைவியை நோயில் படுக்கவைத்திருந்தேன். எழுத்தாளர்களுக்கு இது சுலபம், செலவுமில்லை. உண்மையில் அந்த அம்மாள் தண்ணீர்க் கேனை ஒற்றைக் கையில் மாடிக்குத் தூக்கிப் போகிறவர். நோய் தேவையில்லை. மச்சானுக்கு வயது ஐம்பத்து நாலு, ஈயம் நசுக்கத் தெரியும். அதைச் சொல்லி யாரிடம் போய் வேலை கேட்பார்?]

அந்தப் பத்து நாளும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்பதுதான் கொடுமை. “ராஜா வந்துட்டாரு, எந்திரிச்சு வணக்கம் வை” என்பார். நான் ஜோடி சேர்த்தால், “கல்யாணம் பண்ணி வச்சுட்டியா, சீட்டைக் கவுத்துட்டுப் படு” என்பார்.

பத்தாம் நாள். அவருக்குத் திறந்த சீட்டுகள் ராஜா, இரண்டு, நான்கு, இன்னொரு ராஜா. கவிழ்த்தவை ஏஸும் மூன்றும். நான்கு சின்ன சீட்டு கையில், ஐந்தாவது வர வேண்டும். எனக்குச் சுமாரான கை, காட்டும் ஐந்தில் பெரியது எட்டு. மீதமிருந்த வில்லைகளையெல்லாம் உள்ளங்கையால் தள்ளிவிட்டார். “ஆறோ ஏழோ வந்தாப் போதும் மாப்ள.”

கடைசிச் சீட்டைப் போட்டேன். மூலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் மல்லாக்க விரித்தார்.

“அஞ்சு! பாரு, அஞ்சு! ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு. வரிசை சேந்து தொலைச்சிடுச்சு. மிச்சம் ரெண்டும் ராஜா, அதை வச்சு என்ன பண்றது. நீதான்டா ஜெயிச்ச.”

5

* ராஸில் வரிசைக்குக் கணக்கில்லை. மற்றதெல்லாம் தலைகீழ், இது மட்டும் விலக்கு. ஒன்று முதல் ஐந்து என்பது வெறுமனே ஐந்து சின்ன சீட்டு. அதைவிடச் சின்ன கை கிடையாது. யாராலும் வெல்லவே முடியாத கையை விரித்து வைத்துவிட்டுத் தோற்றுப்போனார்.

இரண்டாம் பகுதியில் இதை நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவுமில்லை. அவரும் கேட்கவில்லை.

சொல்லிக்கொடுத்த அன்று எனக்கு மறந்துபோயிற்று. அது உண்மை. ஒன்பதாம் நாள் காலை பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. அதுவும் உண்மை. மதியம் சொல்லிவிடலாம் என்று

(இந்த வாக்கியத்தை ஏழு விதமாக முடித்துப் பார்த்தேன். ஏழிலும் நான் நல்லவனாக வருகிறேன்.)

அந்த ஐந்தும் மேசையில் மல்லாந்து கிடந்தன. ஒரு வாக்கியம் போதும். வாக்கியம்தான் என் பிழைப்பே. நான் சீட்டுகளை வாரிக் கலைத்துக்கொண்டே சொன்ன வாக்கியம்: “டீ சொல்லட்டுமா மச்சான்?”

“சொல்லு. சர்க்கரை தூக்கலா.”

6

என் கதைகளை முதலில் படிப்பவள் என் மனைவி. ‘சக ஊழியர்’ இருந்த வரைவைக் கொடுத்தேன். சீட்டாடி முடிவு செய்த கதையை நானோ மச்சானோ வீட்டில் சொன்னதில்லை. படித்து முடித்துவிட்டுக் காகிதத்தைத் தட்டி அடுக்கினாள்.

“இவன்லாம் மனுஷனா?”

“யாரு?”

“சீட்டைக் கலைச்சான் பாருங்க, அவன்.”

“கதைதானே.”

“கதைன்னா? அவன் பொண்டாட்டிக்கு இது தெரியுமா?”

“அதை இன்னும் எழுதல.”

“தெரிஞ்சா அவனுக்கு ஒரு வாய் சோறு போடுவாளா?” எழுந்தவள் திரும்பினாள். “அண்ணன் சாயங்காலம் வர்றாரு. அஞ்சு மாசமா எங்கயும் வேலை கிடைக்கல. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி உங்களைத்தான் கேக்கப்போறாராம். கூச்சப்படுவாரு, நீங்களே ஆரம்பிங்க.”

அவர் வந்தார். கூச்சப்பட்டார். நான் ஆரம்பிக்கவில்லை.

7

முடிவுகள்.

முதலாவது: மச்சானுக்கு அந்த விதி முன்பே தெரியும், தங்கைக்காக வேண்டுமென்றே தோற்றார். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், நான் நிம்மதியாகத் தூங்குவேன். அதனாலேயே இது பொய்.

இரண்டாவது: வேலையை விட்டுவிட்டு, அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லி மேலாளருக்குக் கடிதம். எழுதினேன், மூன்று பக்கம். நடை நன்றாக அமைந்துவிட்டது. பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன்.

மூன்றாவது: ‘சக ஊழியர்’ என்றிருந்த இடங்களிலெல்லாம் ‘மச்சான்’ என்று திருத்தி, மனைவியிடம் காட்டாமல் நேராக ஆசிரியருக்கு அனுப்புவது. எதை அனுப்பினேன் என்பது உங்களுக்குத் தெரியும், இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வரும். அவள் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பாள்.

பிரித்த பிறகு அவள் என்ன சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் அவள் மன்னித்துவிடுகிறாள்.

எனக்கு நேரமாகிறது. எட்டரைக்கு மீட்டர் ரூமில் இருக்க வேண்டும்.