முதுகில் எழுதிய ஒன்று, இரண்டு

ஏலக்கூடத்தில் அவளுக்கு வத்திக்குச்சி என்று பெயர். ஒல்லி என்பதால் மட்டும் அல்ல, உரசினால் பற்றிக்கொள்வாள். ஓவியங்களுக்குப் பட்டியல் எழுதும் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இன்றைய ஏலம் முடிந்ததும் நிரந்தர உத்தரவு தருவதாகத் தலைமை நிபுணர் சொல்லியிருந்தார். வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. முதல் நிரந்தர வேலையும் அவளுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

அதனால்தான் அம்மா வாய் நிறையக் குண்டூசியோடு ஏணிமேல் நின்று அவளை முறைத்துக்கொண்டிருந்தாள். அம்மா திரைச்சீலை தைப்பவள். மேடைக்குப் பின்னால் தொங்கும் புதுத் திரையின் ஓரத்தை மடித்துக் குத்த வந்திருந்தாள்.

“இன்னைக்கு மட்டும் வாயைத் திறக்காத,” என்றாள், ஊசிகளின் இடுக்கில்.

“அந்த நிபுணர் என்ன பண்ணாரு தெரியுமாம்மா? இன்னைக்கு விக்கப்போற படத்தோட ஓவியர் இருபது வருஷம் திரைத்துணிக்கு டிசைன் போட்டுத்தான் வயித்தைக் கழுவினாருன்னு எழுதியிருந்தேன். சிவப்புப் பேனாவால அடிச்சிட்டாரு. ‘நாம விக்கிறது கலை, ஜன்னல் துணி இல்ல’ன்னு.”

“அடிச்சா அடிச்சிட்டுப் போறாரு. ஜன்னல் துணிதான் உன்னைப் படிக்க வெச்சுது. அதுவே கோவிச்சுக்கல, உனக்கென்ன?”

அந்த ஓவியம் மேடையில் இருந்தது. ஆளுயரத்தில் இரண்டு கித்தான்கள், பக்கத்துப் பக்கத்தில். மேலெல்லாம் நீலக் கோடுகள். அதைப் பார்த்ததும் சோற்றில் கல் கடித்ததுபோல் அம்மாவின் முகம் சுளித்தது.

“நடுவுல கோடு சேரலியேடி.”

“அதான் விசேஷமாம். நூற்றாண்டோட விரிசலாம்.”

“விரிசலாவது வெங்காயமாவது! பின்னாடி நம்பர் இருக்கா பாரு.”

இருந்தது. ஓவியரின் கையெழுத்திலேயே ஒன்று, இரண்டு. ஒன்றை இடதிலும் இரண்டை வலதிலும் மாட்டியிருந்தார்கள்.

“துணியைக் கவுத்துப் போட்டு முதுகுலதான நாங்க நம்பர் போடுவோம்? திருப்பினா இடது வலதாயிடும். துணிக்கு வரைஞ்ச மனுஷன், பழக்கதோஷம், அப்படியே போட்டிருக்காரு. இதுங்க மாத்தி மாட்டியிருக்குதுங்க.”

வத்திக்குச்சி மேடைக்குப் பாய்ந்தாள். அம்மா எட்டி அவள் பின்னலைப் பிடித்தாள். “உத்தரவு கைக்கு வரட்டும்டி. என்மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். பல்லைக் கடித்துக்கொண்டு.

கூடம் நிறைந்தது. நிபுணர் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் காயத்தைப் பாருங்கள்!” என்று உருகினார். எல்லோரும் காயத்தைப் பார்த்தார்கள். யாரும் கை தூக்கவில்லை. ஆரம்ப விலையை இரண்டாம் முறை சொன்னார். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

மேடை ஓரத்தில் ஏணி ஆடத் தொடங்கியது. கோடு சேராத துணியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அம்மாவின் ஜாதகத்திலேயே இல்லை. வாயிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். இன்னொன்று. கடைசி ஊசியும் வந்ததுதான் தாமதம்.

“ஐயா, இடம் மாறியிருக்குய்யா! அந்த நம்பரைப் பின்னாடி இருந்து படிக்கணும்!”

அத்தனை தலையும் ஏணிப்பக்கம் திரும்பியது.

“யாரும்மா நீங்க?” என்றார் நிபுணர்.

“எங்கம்மா சார்!” வத்திக்குச்சி பற்றிக்கொண்டாள். “திரைச்சீலை தைக்கிறவங்க. நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நின்னேன். அவங்களே அவுத்து விட்டுட்டாங்க!”

அவர் வேண்டாம் என்பதற்குள், சுமை தூக்கும் இருவரோடு சேர்ந்து கித்தான்களை இடம் மாற்றிவிட்டாள். நீலம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவியது. சுழன்றது, மடங்கியது, காற்றில் திரை உப்புவதுபோல் கூடத்தின்மேல் உப்பி வந்தது. பின்வரிசை அம்மாள் ஒருவர் நாற்காலிமேலேயே ஏறிவிட்டார். கைகள் பறந்தன. ஒரு கனவான் வலக்கையால் கேட்ட விலையை இடக்கையால் தானே முந்தினார். நிபுணர் அடித்த அடியில் சுத்தியலின் தலை கழன்று பூஜாடிக்குள் விழுந்தது.

கூட்டம் கலைந்ததும் உத்தரவுக் காகிதத்தோடு வந்தார். முகமெல்லாம் வியர்வை.

“நிறைஞ்ச சபையில என் மானத்தை வாங்கிட்டீங்க.”

“ஆமா சார். நீங்க அடிச்ச வரியையும் திரும்பச் சேர்க்கணும். இடத்தைத் திருத்தினது திரைச்சீலை தைக்கிறவங்கன்னு பட்டியல்ல வரணும்.”

“உங்களை வெச்சுக்கவும் பயமா இருக்கு, விடவும் பயமா இருக்கு,” என்று முனகியபடி, காகிதத்தைச் சுவரில் அழுத்தி அதே சிவப்புப் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடப் போனார்.

ஏணிமேலிருந்து குரல் வந்தது.

“சார், திருப்பிப் பிடிங்க. அது முதுகு.”