முன்பக்கத்து இடது சக்கரம்

இருபத்தாறு வருஷம் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் இன்னொரு இடத்தில் போய் நின்றால், முதலில் தெரியாமல் முழிப்பது கக்கூஸ் எங்கே என்றுதான். அடுத்தது, மதியச் சோற்றை யார் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது என்று. மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அது எனக்கு நாலாம் நாள் மதியம் இரண்டே முக்கால் மணிக்குத்தான் தெரிந்தது.

என் பெயர் மைதீன் கனி. கோட்டாற்றுக்காரன். வடசேரியில் ஞானம் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். அண்ணாச்சி கண்ணை மூடியதும் பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயதில் வேலை தேடிப் போவது இருக்கிறதே, அந்தக் கேவலத்தை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. போன இடத்தில் எல்லாம் என் கையைப் பார்க்காமல் தலை நரையைத்தான் பார்த்தார்கள்.

கடைசியில் தக்கலையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கூப்பிட்டார்கள். நானும் வைகுண்டராஜனும் சேர்ந்தே போனோம். வைகுண்டராஜன் என்னோடு ஒரே வாரத்தில் அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தவன். நெற்றியில் நாமம் இல்லாமல் ஒரு நாளும் ஸ்பேனரைத் தொடமாட்டான். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். மேனேஜர் ஸ்மைலினுக்கு முப்பது வயது இருக்கும். "அண்ணா, ஒரு ஆளுக்குத்தான் இடம் உண்டு. ரெண்டு பேரும் வேணுமா?" என்று கேட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. "ஒரு ஆளு போதும் சார். அவன் பாக்குற வேலையையும் சேத்து நானே பாத்துருவேன்" என்றேன். வைகுண்டராஜன் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் போய் பஸ் ஏறினான். என்னை அடுத்த மாசம் வேலைக்கு வரச் சொன்னார்கள்; அதற்குள் அவன் வேர்கிளம்பியில் பெண்டாட்டி வீட்டுப் பக்கம் ரோட்டோரத்தில் பஞ்சர் கடை போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. எனக்கு வெட்கம். வெட்கத்தை ஒப்புக்கொள்ளாமல் அவன்மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு முறை உண்டு. சக்கரம் மாட்டுகிறவன் ஒருத்தன், கடைசி முறுக்கு முறுக்குகிறவன் இன்னொருத்தன். வண்டி ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது நட்டை ஓரளவுக்குத்தான் இறுக்க முடியும். சக்கரம் தரையில் உட்கார்ந்த பிறகுதான் பலமாக முறுக்க வேண்டும். நான் மாட்டி, ஓரளவு இறுக்கி, ஜாக்கியை இறக்கிவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன். வைகுண்டராஜன் நீள ஸ்பேனரோடு வந்து ஒவ்வொரு நட்டாக முறுக்குவான். ஜாக்கி இறங்கினால் அவன் வருவான், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் "முறுக்கியாச்சா?" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ரெஜிஷா தன் வேனைக் கொண்டுவந்தாள். அழகியமண்டபம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பதினோரு பிள்ளைகளை ஏற்றி, வேர்கிளம்பி வழியாகத் திருவட்டாறு வரை இறக்கிவிடுகிறவள். முன்பக்கம் இரண்டு சக்கரத்திலும் பிரேக் பேடு தேய்ந்திருந்தது.

"அண்ணா, மூணேகாலுக்குப் பெல்லு அடிக்கும். அதுக்கு முன்ன தரணும்."

"ஒரு மணிக்கே கொண்டு போம்மா" என்றேன் பெருமையாக. சொன்னபடியே முடித்தேன். வண்டியை இறக்கினேன். கை கழுவினேன். தொழுதுவிட்டு, என் மனைவி பல்கீஸ் கட்டிக் கொடுத்த சோற்றைத் தின்றேன். வெளியே வந்தபோது வேன் போயிருந்தது. ஸ்மைலின் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிட்டான்.

இரண்டே முக்காலுக்கு, பக்கத்தில் வேலை பார்க்கும் ததேயுஸ் ஒரு காரைத் தரையில் இறக்கினான். இறக்கிவிட்டு அவனே குனிந்து நட்டுகளை முறுக்கினான். அவன் கையில் இருந்தது, அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும் புது மாதிரி ஸ்பேனர். டக். டக். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். இவன் மாட்டிய சக்கரத்தை இவனே எதற்கு முறுக்குகிறான் என்று மனதுக்குள் சிரிக்கவும் செய்தேன். அடுத்த டக்கில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ததேயுசு, மதியம் அந்த ஸ்கூல் வேனு நட்டு நீ முறுக்குனியா?"

"உங்க வண்டிய நான் எதுக்கு அண்ணே தொடணும்? இங்க அவனவன் வண்டி அவனவனுக்கு."

அந்த நேரத்திலேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பத்து நிமிஷம், முழுசாகப் பத்து நிமிஷம், நான் ஸ்பேனர் மாட்டும் பலகைக்கு முன்னால் நின்று எதையோ தேடுவதுபோல நடித்தேன். ஒருவேளை முறுக்கியிருப்பேனோ என்று என் கையையே கேட்டேன். கைக்கு சோப்பு போட்டது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. நாலாம் நாளே வேலை போனால் இன்னொருவன் என்னைச் சேர்ப்பானா என்று ஒரு பக்கம் ஓடியது. பதினோரு பிள்ளைகள் ஏறப்போகிற வண்டி அது என்று இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே தராசில் வைக்கிற காரியமா? வைத்தேனே பாவி.

கவுண்டரில் கிடந்த சீட்டில் ரெஜிஷாவின் நம்பரைப் பார்த்துக்கொண்டேன். ஸ்மைலின் நிமிர்ந்து பார்த்தான்.

"வீட்டுல பல்கீசுக்குச் சொகமில்ல சார். ஒரு மணிக்கூர் போய்ட்டு வாறேன்."

"ஐயோ, என்ன அண்ணா? ஆட்டோ விளிக்கட்டா?"

"வேண்டாம் சார், பைக்கு இருக்கு."

அவன் நல்லவனாக இருந்தது எனக்கு இன்னும் வெட்கத்தைக் கூட்டியது. ரோட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். ரெஜிஷா எடுக்கவில்லை. ஐந்து தடவை போட்டும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். "பிள்ளைய இருக்க வண்டி அண்ணா, பைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்துருவேன்" என்று மதியம் அவளே சொன்னாள். நல்ல பழக்கம் என்று நானும் தலையாட்டியிருந்தேன்.

தக்கலை நெரிசலில் மாட்டி, பள்ளிக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று இருபத்தைந்து. வாசலில் நான் தேடிய வேன் இல்லை.

"இப்பந்தான போச்சு" என்றார் வாட்ச்மேன்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த ரோட்டில், வேர்கிளம்பியில், அந்த வேனுக்கு முன்னால், நட்டைப் பற்றித் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவன் என் போனை எடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. எடுத்தான்.

"ஏலே வைகுண்டம், ஒரு ஸ்கூல் வேனு அந்த வழியா வருது. மஞ்ச கலரு, முன்னால சிலுவப்படம் ஒட்டிருக்கும். ஒரு பொம்பள ஓட்டும். முன்சக்கரம் ரெண்டும் நான் மாட்டுனேன். மாட்டி எறக்கிட்டு..."

அந்தப் பக்கம் ஒரு லாரி போகும் சத்தம் கேட்டது.

"முறுக்கல" என்றான் அவன். கேள்வியாகக் கேட்கவில்லை.

"முறுக்கல."

"பிள்ளைய உண்டா உள்ள?"

"பதினோரு பேரு."

போன் கட்டாகிவிட்டது. கோபத்தில் வைத்தானா, எழுந்து ஓடினானா, தெரியவில்லை. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. பைக்கைக் கிளப்பினேன்.

அந்த ஐந்தாறு கிலோமீட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நம் ஊர் ரோட்டுக்கு நேராகப் போகத் தெரியாது. ஏறும், இறங்கும், வளையும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், அந்தப் பக்கம் என்ன கிடக்குமோ என்று கண்ணை மூடலாமா என்றிருந்தது. திருவட்டாற்றுக்கு முன்னால் ஆற்றுப் பாலம் வேறு. சக்கரம் கழன்று பாலத்தில் தனியே உருண்டு போவதை என் மனசு திரும்பத் திரும்பக் காட்டியது. ஓரிடத்தில் ரோட்டை மறித்துக் கூட்டம் நின்றது. எனக்கு மூத்திரம் முட்டிவிட்டது. பொய்யில்லை. கிட்டே போனால், மினி லாரி ஒன்றிலிருந்து சரிந்த பலாப்பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "வழி விடுங்கலே!" என்று நான் கத்திய கத்தலில் ஒரு ஆள் பழத்தையே கீழே போட்டான்.

வேர்கிளம்பிக்குள் நுழைந்ததும் வேன் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது, நாலு சக்கரத்தில். பிள்ளைகள் பஞ்சர் கடைக்கு முன்னால் பழைய டயர்களின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வைகுண்டராஜனின் மனைவி பகவதி செம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். அப்புறம்தான் பைக்கை ஸ்டாண்டு போட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் வண்டி சாய்ந்து விழுந்தது.

வைகுண்டராஜன் முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்திருந்தான். திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"ஒரு நட்டு காணல. மத்தது மூணையும் வெரலாலயே கழத்துனேன்."

ரெஜிஷா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குரல் உடைந்து வந்தது.

"ஸ்டீரிங்கு ஆடிச்சு அண்ணா. ரோடு மோசம்னு நெனச்சேன். இந்த அண்ணன் ரோட்டு நடுவுல கைய விரிச்சிட்டு நின்னப்பம், குடிச்சிட்டு நிக்காருன்னு ஒதுக்கிப் போவப் பாத்தேன். ஒதுக்கிப் போயிருந்தா?"

நான் அந்த டயர்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. "வைகுண்டம், அன்னைக்கி நான் அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது" என்றேன்.

அவன் கடையிலிருந்து ஒரு நட்டு எடுத்து வந்து போட்டு, முறுக்கி முடித்து, அடுத்த சக்கரத்தையும் முறுக்கினான். எழுந்து கையைத் துடைத்தான். என் அழுகையும் வெப்ராளமும் அடங்கட்டும் என்று நிற்கிறான் என நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான், அவனும் பயந்து போயிருப்பது தெரிந்தது.

"கனி, நீ சேந்து எத்தன நாளு?"

"இன்னைக்கி நாலு."

"மத்த வண்டி?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. இந்த ஒரு வேனோடு என் தப்பு முடிந்துவிட்டது என்று உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். முதல் இரண்டு நாளும் எனக்கு ஆயில் மாற்றும் வேலைதான் கொடுத்தார்கள். புதன்கிழமைதான் சக்கரம் கழற்றும் வேலை. மூன்று வண்டி. மூன்றையும் இறக்கிவிட்டுக் கை கழுவப் போனேன். மூன்றும் நேற்று சாயங்காலமே போய்விட்டன.

இந்தத் தடவை நான் பத்து நிமிஷம் எடுக்கவில்லை. ஸ்மைலினுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, பல்கீஸ் அக்காவுக்கு எப்பிடி இருக்கு?" என்றுதான் எடுத்ததும் கேட்டான்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல சார். நான் பொய் சொன்னேன்." எல்லாவற்றையும் சொன்னேன். வேன், நட்டு, பிள்ளைகள், நேற்றைய மூன்று வண்டி. "நீங்க என்ன வேலைய விட்டு நிறுத்துங்க, போலீசுக்கு வேணும்னாலும் சொல்லுங்க. மொதல்ல அந்த மூணு நம்பரும் தாங்க."

அந்தப் பக்கம் சீட்டுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. நம்பரை மட்டும் படித்தான். அண்ணா என்று கூப்பிடவில்லை. நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, ரெஜிஷா தன் வருகை நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள்.

முதல் நம்பர் தோவாளைக்காரர். பூ ஏற்றும் வண்டி. மார்க்கெட்டில் நிறுத்தியிருந்தார். "நானே முறுக்கிக்கிடுதேன், வையும்" என்றார். இரண்டாவது முட்டத்துக்காரர். கார் வீட்டு முன்னால் நிற்கிறது என்று சொல்லிவிட்டு, என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது நம்பர் ரொம்ப நேரம் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். வைகுண்டராஜன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரும்பைப் பிடிப்பதுபோல அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தான். கடைசி ரிங்கில் ஒரு பெண் குரல் கேட்டது. பின்னால் காற்றும் ஹாரனும்.

"அவரு வண்டி ஓட்டுகாரு. நாங்க திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போறோம். மருமவன் துபாய்ல இருந்து வாறாரு. யாரு பேசுகது?"

இருபத்தாறு வருஷம் போனை எடுத்தால் "மெக்கானிக் மைதீன் கனி" என்றுதான் சொல்வேன். பேரைச் சொல்வதற்கு முன்னால் தொழிலைச் சொல்லும் ஆள் நான்.

"நேத்து உங்க காரு சக்கரத்த மாட்டுனவன் பேசுதேன்ம்மா. நான் சரியா மாட்டல. சக்கரம் கழண்டுரும். பிரேக்க அழுத்திச் சவுட்டாம, பைய பைய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. இப்பமே."

அவள் "ஏங்க" என்று அலறினாள். குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. அந்த ஆள் மலையாளத்தில் யாரையோ விலகச் சொல்லிக் கத்துவது கேட்டது. என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. இன்ஜின் சத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் கார் ஒரு உலுக்கலோடு ஓரமாக நிற்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.