நடு ஓட்டையில் ஊற்றிய டீசல்

புது டீசல் ஃபில்டர் மாட்டினால் வண்டி நன்றாக ஓட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப் போகும் அவளுடைய வேனுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். மாட்டிய பத்தாம் நாள் மேட்டில் இழுக்காது, கரும்புகை விடும், திக்கித் திக்கிப் போய் நின்றுவிடும். ஒரு வருஷத்தில் மூன்று தடவை இப்படி ஆயிற்று.

மூன்றாம் தடவை நின்றது ஆஸ்பத்திரிக்கு முந்தின மேட்டில். உள்ளே ஆறு பேர், ஆறு பேருக்கும் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர்கள். அன்று ஒன்றரை மணி நேரம் தாமதம். அடுத்த முறைக்காரர்கள் காத்திருந்ததால் ஆறு பேரையும் பாதியில் எழுப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற தபால்காரர் கால் வீங்கி இரண்டு நாள் படுத்த படுக்கையானார்.

ஆஸ்பத்திரி மேலாளர் கத்தவில்லை. "இன்னொரு தடவை நின்னா வேற வண்டி பாத்துக்கறோம்மா" என்றார். அவள் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பழியை அவள் கொழுந்தன் மேல் போட்டாள். பட்டறை அவனுடையது, ஃபில்டர் வாங்குவதும் மாட்டுவதும் அவன். நின்ற வண்டியைச் சரிபார்க்க மேட்டுக்கு ஓடி வந்தவனை ஆறு பேர் முன்னால் கிழி கிழியென்று கிழித்தாள். "நீ வாங்கறதெல்லாம் குப்பை. இந்தத் தடவை நானே பாத்து வாங்கறேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி அண்ணி" என்றான்.

இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும், அடைத்துப்போன இன்ஜெக்டர்களைக் கழற்றி, கழுவக் கொடுத்து, திரும்ப மாட்டியாயிற்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் ஆளை ஏற்ற வேண்டும். பாக்கி ஃபில்டர்தான். பழசைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

உதிரிபாகக் கடைக்காரருக்கு ஊரெல்லாம் 'தணிக்கை' என்று பெயர். ஒரு நட்டு கேட்டாலும் ஒன்பது கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

"இருக்கிறதுலேயே நைஸான ஃபில்டர் குடுங்க" என்றாள். "தூசியோட நிழல்கூட உள்ள போகக் கூடாது."

"போகாது. டீசலும் போகாது." அவர் பழைய ஃபில்டரைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். "அளவுக்கு மேல நைஸா இருந்தா சீக்கிரம் அடைச்சுக்கும், இன்ஜின் பட்டினி கிடக்கும். உங்க இன்ஜினுக்குன்னு ஒரு அளவு இருக்கு. அதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்."

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றை உடனே தள்ளினார். "இது மரை சேரும், ஆனா உள்ள பேப்பர் கம்மி. இதைப் பாருங்க, அடியில திருகு இருக்கு. டீசல்ல வர்ற தண்ணி கீழ தங்கும், அப்பப்ப திறந்து விட்டுடலாம். உங்க கொழுந்தன் போன மூணு தடவையும் வாங்கினது இதேதான். நல்ல சாமான்."

அவளுக்கு முகம் மாறிவிட்டது. "நல்ல சாமான்னா வண்டி ஏன் நிக்குது?"

"எப்ப நிக்குது?"

"புதுசு மாட்டின பத்து நாள்ல. இன்ஜெக்டரைக் கழுவினா அதே ஃபில்டரோட நாலு மாசம் கல்லு மாதிரி ஓடும். மறுபடி புதுசு மாட்டினா மறுபடி தகராறு."

தணிக்கை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "காலியா மாட்டுவாரா, டீசல் ஊத்தி மாட்டுவாரா?"

"ஊத்தித்தான். இல்லேன்னா காத்து புடிச்சுக்குமே."

"எந்த ஓட்டையில ஊத்துவாரு?"

பின்னால் நின்ற லாரிக்காரர் பொறுமையிழந்தார். "பெரியவரே, ஃபில்டர் கேட்டா பரம்பரையையே விசாரிக்கிறீங்களே!"

"உங்க முறை வரட்டும், உங்க பரம்பரையையும் விசாரிக்கிறேன்" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "எந்த ஓட்டைம்மா?"

"நடுவுல இருக்கிற பெரிய ஓட்டை. அதுலதான் சிந்தாது."

அவர் புது ஃபில்டரை அவள் முன் நிறுத்தி, ஓரத்தில் வட்டமாக இருந்த சின்ன ஓட்டைகளை விரலால் தொட்டுக் காட்டினார். "டீசல் உள்ள போறது இதுல. பேப்பர் வழியா வடிகட்டி, நடுவுல வெளியே வரும். நடுவுல ஊத்தினா அது பேப்பரைத் தொடவே தொடாது. கேன்ல என்ன அழுக்கு இருந்துச்சோ அது நேரா இன்ஜெக்டருக்குப் போகும்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் கொழுந்தன் நடு ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு ஓரத்து ஓட்டைகளில் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி தரையில் சிந்தியது. "இவ்ளோ பெரிய ஓட்டை இருக்கறப்ப ஏன்டா இந்தக் கூத்து?" என்று கேனைப் பிடுங்கி நடுவில் ஊற்றிக் காட்டியது அவள்தான். அன்றிலிருந்து அவனும் அப்படியே செய்தான்.

"அவன் இல்லைங்க. நான்தான் அப்படி ஊத்தச் சொன்னேன்."

"யார் சொன்னா என்ன, டீசலுக்குத் தெரியவா போகுது? காலியாவே மாட்டி, கைப்பம்பால அடிச்சுக் காத்தை எடுங்க. கை வலிக்கும், வலிக்கட்டும்."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் லாரிக்காரரிடம், "சொல்லுங்க, எந்த வருஷத்து வண்டி?" என்று ஆரம்பித்துவிட்டார்.

பட்டறையில் விஷயத்தைச் சொன்னதும் கொழுந்தன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"எனக்கு வேலை கத்துக் குடுத்தவரு ஓரத்துலதான் ஊத்துவாரு அண்ணி. ஏன்னு நானும் கேட்டதில்ல. நீங்க சொன்னீங்களேன்னு..."

"நான் சொன்னா கிணத்துல குதிப்பியா?"

"ஆழம் கேட்டுட்டுக் குதிப்பேன்."

பம்பை அவளே அடித்தாள். மணிக்கட்டு விட்டுப்போகும் வரை அடித்தாள். குழாயில் குமிழி நின்று டீசல் மட்டும் வந்தபோது அவன் காற்று வெளியேறும் திருகை இறுக்கினான்.

மறுநாள் வண்டி மேடு ஏறியது. அதில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் வாரம் எப்போதுமே ஏறும். ஒன்பதாம் நாள் வரை எண்ணினாள். பத்தாம் நாள் மேட்டின் அடியில் ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. கியரைக் குறைத்து அழுத்தினாள். வேன் திக்காமல், புகையாமல் ஏறிப் போயிற்று. பின்னால் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் ஜன்னல் கண்ணாடி ஏறவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குறையைக் கேட்க அவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறக்குமுன் ஆறு பேரிடமும் சொன்னாள். "அன்னிக்கு மெக்கானிக்கைத் திட்டினேன்ல, தப்பு அவன் மேல இல்ல. என் மேலதான்."

தபால்காரர் யோசித்தார். "அப்ப ஜன்னலையாவது அந்தப் பையன்கிட்ட விடு. நீ கை வைக்காதே."

எல்லோரையும் மெஷினுக்கு அனுப்பிவிட்டுக் கொழுந்தனுக்கு போன் போட்டாள்.

"வண்டி ஏறிடுச்சு. ரொம்ப நன்றி. அன்னிக்கு அத்தனை பேர் முன்னால உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."



"யாருங்க பேசறது?" என்றான்.

"அண்ணிதான்டா."

"உடம்பு ஏதாவது சரியில்லையா? இருங்க, அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு. இன்னொரு தடவை சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

"போடு" என்றாள்.

போட்டான். அவள் ஒரு வார்த்தை விடாமல் மறுபடியும் சொன்னாள்.