தொண்ணூற்று நான்கு சதவீதம்

மாநாட்டுக் கூடத்தில் காபி இடைவேளை. அடுத்துப் பேச வேண்டியவள் ருமியானா, காமென்யாக் மலைக் கிராமத்து நூலகர். நான்கு நாட்டு அதிகாரிகள் ப்ளோவ்திவ் நகரத்துக்கு வந்திருந்தார்கள். அவளுடைய கிராமம் இணையத்தில் சாதித்ததைத் தங்கள் நாடுகளிலும் அப்படியே செய்துபார்க்கப் போகிறார்களாம்.

மாவட்ட இயக்குநர் லூபென் தட்டில் பாலாடைக்கட்டி அடைத்த பனீத்ஸா ரொட்டியோடு அவளருகில் வந்தார்.

"திரையில இருக்கறத மட்டும் படிங்க ருமியானா. ஊர்ல தொண்ணூத்தி நாலு சதவீதம் பேரு இணையத்துலயே விண்ணப்பிக்கறாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

"படிச்சா அடுத்த மாசம் டவுன்ல இருக்கற விண்ணப்பக் கவுன்டர மூடிடுவீங்க சார்."

"ஆள் வராத கவுன்டருக்கு ஹீட்டர் எதுக்கு? உங்க ஜனங்கதான் வீட்லயே எல்லாத்தையும் முடிச்சிடறாங்களே."

அவளுடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அவருக்குப் பதினோரு வருடப் பழக்கம்.

இணையத்தில் அரசு விண்ணப்பம் போடுவதற்கான மின்கையொப்ப அட்டைகள் ஊருக்கு வந்த வாரமே மிஞ்சோ தாத்தா தன்னுடையதை நூலக மேசையில் வைத்துவிட்டுப் போனார். "நீயே வச்சுக்க. என் வீட்ல இருந்தா ஆடு தின்னுடும்." அட்டையின் பின்னாலேயே ரகசிய எண்ணையும் எழுதியிருந்தார். அவரைப் பார்த்து ஊரே வந்தது. அறுபத்தொரு அட்டைகள். நூற்பட்டியல் இழுப்பறையில், புத்தகச் சீட்டுகளுக்கு நடுவே, அகர வரிசையில் அவற்றை அடுக்கினாள். விறகு உதவி, ஓய்வூதியச் சான்று, நிலவரி என்று எல்லா விண்ணப்பங்களும் அவள் விரல் வழியாகவே போயின. உதவி என்றுதான் நினைத்திருந்தாள். கணினியோ அறுபத்தொரு பேரை எண்ணிக்கொண்டது.

மார்ச்சில் நிமோனியா வந்து இருபது நாள் படுத்தாள். அந்த இருபது நாளும் ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம்கூட இணையத்தில் போகவில்லை. அவசரக்காரர்கள் ஏழு பேர் பேருந்தேறிச் சிறுநகரத்துக் கவுன்டருக்குப் போய் வந்தார்கள். அந்தக் கவுன்டரும் போய்விட்டால், அடுத்த காய்ச்சலுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

மேடையேறினாள். திரையில் இருந்ததைப் படித்தாள். கைதட்டினார்கள். மால்டோவாவிலிருந்து வந்த அதிகாரி ரோதிகா கை தூக்கினாள்.

"இதுல தாங்களே உக்காந்து பண்ணினவங்க எத்தனை பேரு?"

"அந்த விவரம் நம்மகிட்ட இல்ல" என்றார் லூபென், முன் வரிசையிலிருந்து.

ருமியானா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இருக்கு" என்றாள். "ரெண்டு பேரு. பாதிரியார் சம்சாரம், அப்புறம் நான். மிச்ச அறுபத்தோரு அட்டையும் என் இழுப்பறையில இருக்கு."

"அது குற்றம், தெரியுமா உங்களுக்கு?" என்றார் லூபென்.

"தெரியும் சார். அதையும் எழுதிக்கட்டும். இங்கேருந்து இவங்க எடுத்துட்டுப் போறது என் விரலத்தான். அது பத்துதான் இருக்கு. நாலு நாட்டுக்கு எப்படிப் பத்தும்?"

ரோதிகா மடிக்கணினியை மூடினாள். "எங்க ஊர்ல தபால்காரரு" என்றாள். "எண்பத்தொம்போது சதவீதம்." பின்னால் ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திக்கொண்டார்.

வாசலில் லூபென் அவளை மறித்தார். "திங்கக்கிழமைக்குள்ள ஒவ்வொரு அட்டையும் அதுக்குரியவங்க கைக்குப் போயிடணும். இனிமே ஒருத்தருக்கும் நீங்க பண்ணிக் குடுக்கக் கூடாது. மீறினா வேலை போயிடும்."

"போயிடும் சார். அட்டையச் சொன்னேன்."

திங்கட்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு அட்டைகளைக் கொடுத்தாள். வாங்கியவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை; சிறுநகரத்துக் கவுன்டருக்குப் பேருந்தேறினார்கள். குளிர்கால விறகு உதவிக்கு விண்ணப்பிக்க அந்த வாரம்தான் கடைசி. பேருந்து இரண்டு நடை அடித்தது.

பத்து மணிக்கெல்லாம் கவுன்டர் வரிசை படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்த ஒரே எழுத்தர் தொலைபேசியில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். லூபென் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் வந்து சேர்ந்தார். வரிசையின் கடைசியில் ருமியானா நின்றாள்.

"உங்களுக்கு இங்க என்ன வேலை? நீங்கதான் வீட்லயே பண்ணிக்கத் தெரிஞ்சவங்களாச்சே."

"தெரியும்" என்றாள்.

வரிசை ஓரடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.