கட்டுரையாளரின் மனநிலை யாது?

தேர்வு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கேள்வி வெளியே போய்விடக் கூடாது என்று ஜன்னலுக்கு ஆணி அடித்த அறையில், மூன்று பேர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் தலைமாட்டில் பிரிவுத் தலைவர். உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்தாக வேண்டும், வந்ததில் குறையும் சொல்லியாக வேண்டும் என்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் மாமனார். பக்கத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் கணக்கு அண்ணன். எதிரே, வாசித்து விடையளிக்கும் பகுதிக்குப் பத்திகள் எழுதுகிறவள்.

பதினோரு வருடமாக அவள் ஒப்பந்தத்தில்தான் இருந்தாள். வருடா வருடம் நிரந்தரம் கேட்பாள்; "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்பார் மாமனார். இந்த முறை அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. மாதக் கடைசியில் ஒப்பந்தக்காரர்கள் எல்லாரையும் அனுப்பிவிடப் போகிறார்கள். வீட்டில் கணவர் முதுகு போய் பஸ் ஓட்டுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது; மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய விண்ணப்பம் மாமனாரின் முழங்கைக்கு அடியில் கிடந்தது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவள் ஐஸ் வைத்திருந்தாள். ஒரு பதிப்பகத் தலைவரைப் பற்றி எழுதுவதுபோல் மாமனாரையே புகழ்ந்து ஒரு பத்தி எழுதி, கீழே கேள்வியும் போட்டாள்: தலைவர் குறித்துக் கட்டுரையாளரின் மனநிலை யாது? அ. மரியாதை, ஆ. அலட்சியம், இ. வியப்பு, ஈ. வெறுப்பு. விடை அ. படித்ததும் மாமனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "யாரும்மா இவரு, எங்கயோ பாத்த மாதிரி இருக்காரே?" என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டுக் காட்டினாள். அப்படி வெட்கப்பட்டதற்காக வீட்டுக்குப் போய்த் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இப்போது அந்தக் கேள்வியின் முறை வந்தது.

"இருபத்தேழு. நம்ம கேள்வி," என்றார் மாமனார். "இதுல பேச என்ன இருக்கு?"

"இருக்கு சார்," என்றார் கணக்கு அண்ணன். எந்தக் கேள்வியையும் தேர்வில் வைப்பதற்கு முன் நாலைந்து பள்ளிகளில் கொடுத்து சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. "நானூறு பசங்க எழுதினாங்க. மொத்த மார்க்குல கடைசியா வந்த நூறு பேர்ல முக்கால்வாசி 'மரியாதை'ன்னு போட்டிருக்காங்க."

"பின்ன?"

"முதல்ல வந்த நூறு பேர்ல தொண்ணூத்தி ரெண்டு பேர் 'வெறுப்பு'."

அவள் மாமனாரின் முழங்கைக்கு அடியில் கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

மாமனார் சிரித்தார். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பெரியவங்களைக் கண்டாலே ஆகாது. அதான்."

"பிடிக்காம போட்டிருந்தா மக்குப் பசங்களும் போட்டிருப்பாங்களே சார். புத்திசாலிங்க மட்டும் கூடிப்பேசின மாதிரி ஒரே பக்கம் போயிருக்காங்க. எதை வச்சு முடிவு பண்ணினாங்கன்னு அடிக்கோடும் போட்டிருக்காங்க." கணக்கு அண்ணனுக்கு நாசூக்கு என்பது மருந்துக்கும் கிடையாது. தாளைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார்:

"'அவர் அறைக்குள் நுழைந்தால் மின்விசிறியின் சத்தம் மட்டுமே கேட்கும்.' இது எழுபது பேர். 'எழுதியவர் யாராக இருந்தாலும், அவர் பெயர் இல்லாமல் ஒரு புத்தகமும் அங்கிருந்து வெளிவந்ததில்லை.' எண்பத்தி மூணு. 'இத்தனை ஆண்டுகளில் தாம் தவறு செய்ததாக அவர் ஒருமுறைகூடச் சொல்ல நேர்ந்ததில்லை.' இதுக்கு சில பேர் ரெண்டு கோடு போட்டிருக்காங்க."

அவள் அந்த வாக்கியங்களைப் பணிவோடுதான் எழுதினாள். சத்தியமாக, ஒவ்வொன்றையும் புகழ்ச்சி என்று நம்பித்தான் எழுதினாள். இப்போது இன்னொருவர் வாயால் கேட்கும்போது ஒவ்வொன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதாக இருந்தது. முகம் தெரியாத தொண்ணூற்றி இரண்டு பிள்ளைகள் அவளுடைய பதினோரு வருடத்தைப் பத்து நிமிடத்தில் படித்து முடித்திருக்கிறார்கள். இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். இல்லை, இந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. மூன்று முறை அவளுடைய வினாத்தொகுப்பைத் தன் பெயரில் அச்சடித்தவர். அப்பா செத்த மறுநாள் போன் செய்து பத்தி எங்கே என்று கேட்டவர். அதற்கும் "ஸாரி சார்" என்று சொன்னவள் அவள்தான்.

மாமனாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"பேசாம இந்தக் கேள்வியைத் தூக்கிடலாம் சார்," என்றார் கணக்கு அண்ணன்.

"தூக்குறதா? தூக்கினா பசங்க சொன்னது சரின்னு ஆயிடாதா?" மாமனார் பதிவேட்டை இழுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் அதில் இரண்டு கட்டங்கள். கேள்வி இருக்கலாமா என்பது தலைவர் நிரப்ப வேண்டியது. விடை எது என்பது எழுதியவர் நிரப்ப வேண்டியது. முதல் கட்டத்தில் 'கட்டாயம் இருக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். பிறகு அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து எல்லாரும் பார்க்க நடுமேசையில் வைத்தார்.

"எழுதினவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு எழுதினவங்களுக்குத்தானே தெரியும். நீங்களே போடுங்கம்மா. நீங்க அதுல போட்டதும் நான் இதுல போடுறேன்."

கணக்கு அண்ணன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இந்த அண்ணனை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரே ஓர் எழுத்துதான். 'அ' என்று போட்டால் கணவரின் மருந்து, மகளின் படிப்பு, ஓய்வு பெறும்வரை இதே நாற்காலி, எதிரே இதே முகம். அடுத்த மாதம் எண்பதாயிரம் பேர் எழுதுவார்கள். ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் ஒரு மதிப்பெண் போகும், சரியாகப் படித்த குற்றத்துக்காக. அதை நினைக்கும்போதுதான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தன்னை அவர் ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நீங்கள் முட்டாள்கள் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை.

'ஈ' என்று எழுதி, கீழே முழுப் பெயரில் கையெழுத்தும் போட்டாள். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மாமனார் எட்டிப் பார்த்தார். ஒரு கணம் புரியாமல், மறுபடியும் பார்த்தார். "என்னம்மா இது? அடிங்க. முதல்ல அதை அடிங்க!"

"அடிக்க முடியாது சார்," என்றார் கணக்கு அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே. "கையெழுத்து விழுந்த வரியில யாரும் கை வைக்கக் கூடாதுன்னு போன வருஷம் நீங்கதானே உத்தரவு போட்டீங்க." தாமும் ஓர் ஓரத்தில் கையெழுத்திட்டுப் பதிவேட்டை மூடினார். இந்த மனிதரிடமிருந்து அவள் அதை எதிர்பார்க்கவே இல்லை.

மாமனார் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "உங்களுக்கு என்னம்மா குறை வச்சேன்? பதினோரு வருஷம் சோறு போட்ட இடம் இது."

"வேலை பாத்தேன் சார். நீங்க ஒண்ணும் சோறு போடல."

வேலை போய்விட்டது. வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தோடேயே, வெட்கமில்லாமல், சந்தோஷமாகவும் இருந்தது.

மாமனார் எழுந்து கதவுவரை போனார், போனவர் நின்றார். குரல் இறங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அவர் இவளிடம் ஒன்றைக் கேட்டு நின்றது இதுதான் முதல் தடவை.

"அந்தப் பத்தி என்னைப் பத்தினதுன்னு வெளியில யாருக்கும் தெரியாதுல்ல?"

"உங்க பேரு யாருக்கும் தெரியாது சார்," என்றாள் அவள். "நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு மட்டும்தான் எண்பதாயிரம் பேருக்குத் தெரியப்போகுது."